கறுப்புக் குஞ்சும் மாமாவின் இரண்டாவது கண்ணும்

என் மாமனாருக்குக் கண்புரை முற்றிய பிறகு, எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே ஜீவன் ஒரு கறுப்புக் கோழிதான். மற்ற கோழிகள் பழுப்பும் செம்பட்டையுமாகத் தரையோடு தரையாகக் கரைந்துவிடும். கறுப்புக் கோழி மட்டும் அவருக்கு முன்னால் துலக்கமாக நடந்துபோகும். நான் எதிரே போய் நின்றாலும், "மாமா" என்று குரல் கொடுத்த பிறகுதான் அங்கே ஒரு ஆள் இருப்பதே அவருக்குத் தெரியும். வீட்டோடு மாப்பிள்ளையாக இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். கோழிக்கு அடுத்த இடம் கிடைத்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. முன்பெல்லாம் அதுகூடக் கிடையாது.

வீடு பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கிறது. மாமாவின் அப்பா காலத்து வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாது. ஏப்ரல் மாதத்தில் வருகிறவர்கள் "ஆஹா, ஏசியே வேணாம்" என்பார்கள். ஜூலையில் யாரும் வருவதில்லை. ஜூலையில் நாங்கள் வீட்டுக்குள் ஸ்வெட்டரும் வாசலில் இறங்கினால் வெறும் சட்டையுமாக இருப்போம். பின்னால் ஒரு கொய்யா மரம், ஒரு பழைய கோழிக்கூடு, மாமாவின் நாற்காலி. அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

தினமும் காலையில் மாமா மாதா கோயிலுக்குப் பூசைக்கு நடந்து போவார். கையைப் பிடித்துக்கொள்ள விடமாட்டார். ஒருநாள் சாலையைக் கடக்கும்போது ஒரு ஸ்கூட்டர்காரன் முழங்கையை உரசிவிட்டுப் போனான். "அவனுக்குக் கண்ணு தெரியல" என்றார் மாமா. அன்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள். இரண்டு கண்ணுக்கும் அறுவை சிகிச்சை. மாமா மறுத்துவிட்டார். அப்பாவும் மகளும் இரண்டு மாதம் மாறி மாறிப் பேசாமல் இருந்தார்கள். இடையில் நான் சப்பாத்தி கொண்டுபோய் வைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் கறுப்புக் கோழி வயதாகிப் போய்ச் சேர்ந்தது. கடைசியாக அது இட்ட மூன்று முட்டைகள் சமையலறைக் கூடையில் இருந்தன. பழுப்புக் கோழி ஒன்று அப்போதுதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது. மாமா தடவித் தடவிப் போய் அந்த மூன்றையும் அதன் அடியில் தள்ளிவிட்டு வந்தார். மற்ற முட்டைகளுக்கு இரண்டு நாள் பின்னால் சேர்ந்தவை. அடையாளத்துக்குப் பென்சிலால் சிலுவை போட்டிருந்தார். அப்புறம் மகளைக் கூப்பிட்டார்.

"வலது கண்ண உனக்காகப் பண்ணிக்கறேன். இடது கண்ண, இந்தக் கறுப்புக் குஞ்சுங்கள வலது கண்ணால பாத்தப்புறம் பாக்கலாம்."

"அப்பா, குஞ்சு கறுப்பாதான் பொறக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"பொறக்கலன்னா?"

"பாக்க ஒண்ணுமில்லாத ஊருல எனக்கு ரெண்டு கண்ணு எதுக்குமா?"

ஆக, ஒரு மனிதரின் இடது கண் மூன்று முட்டைகளுக்குள் இருந்தது. மனைவி ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தாள். சம்மதிக்காமல் என்ன செய்வாள்? வலது கண்ணாவது தேறட்டும் என்று பார்த்தாள்.

அறுவை முடிந்து பத்து நாளாவது தூசி, இறகு எதுவும் அண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஆஸ்டின் டவுனில் இருக்கும் மச்சான் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. மச்சான் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தினான். மாமா ஏறி உட்கார்ந்து, நான் நிற்பதாக அவர் நினைத்த திசையைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ள, கோழி பத்திரம்."

"கவலப்படாதீங்க மாமா. நான் இருக்கேன்ல."

"அதான்" என்றார்.

ஆட்டோ போய்விட்டது.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். எங்காவது சர்வர் படுத்துவிட்டால் பல ஊர்களில் இருந்து ஆட்கள் ஒரே அழைப்பில் சேர்ந்து கத்துவார்கள். அப்போது நிதானமான குரலில் "யாரும் பதற வேண்டாம்" என்று சொல்வதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நன்றாகவே சொல்வேன். என் குரலைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார். அந்தக் குரல் சர்வருக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்பதை நான் அதுவரை சோதித்துப் பார்த்ததில்லை.

மனைவி உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. அந்த வாரம் மறுதேர்வு விடைத்தாள் திருத்தப் போயிருந்தாள். திருத்தும் இடத்தில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். காலையில் போனால் சாயந்திரம் வெளியே வரும்வரை அவள் வேறு கிரகத்தில் இருக்கிற மாதிரி. இந்தத் தகவலை அவள் முன்னமே சொன்னபோது நான், "நல்லதுதான், நிம்மதியா திருத்து" என்றேன்.

பழுப்புக் கோழியின் சொந்தக் குஞ்சுகள் ஒழுங்காகப் பொரிந்து, அதன் வயிற்றுக்கடியிலிருந்து ஊரை எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. சிலுவை போட்ட முட்டைகளில் இரண்டில் ஓட்டை விழுந்திருந்தது. மூன்றாவது கூமுட்டையாகிக் கிடந்தது. மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு வந்துடும். நீங்க ஓட்ட உரிக்கிறேன் கிரிக்கிறேன்னு கைய வெக்காதீங்க. அதுவா வரட்டும். கோழி விட்டுட்டு எறங்கிடுச்சுன்னா அப்பாவோட பெட்டில போட்டு லைட்ட போட்டுடுங்க."

"இவ்வளவுதானே?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பஸ் வந்துவிடும் என்பதால் எதுவும் சொல்லவில்லை.

அப்பாவின் பெட்டி என்றது ஒரு மரப்பெட்டியை. சோனிக் குஞ்சுகளை ஒதுக்கி வைப்பதற்காக மாமா செய்தது. மூடியில் ஒரு பல்பு ஹோல்டர் உண்டு. அந்த வருடத் தொடக்கத்தில் நான் வீட்டிலிருந்த குண்டு பல்புகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு எல்இடி மாட்டினேன். ஹால், சமையலறை, குளியலறை, மாமாவின் அறை, கோழிப்பெட்டி, எதையும் விடவில்லை. அடுத்த கரண்ட் பில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று மிச்சமான தொகையை அறிவித்தேன். மாமா மட்டும், "ஆஸ்பத்திரி வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தார்.

சிலுவை முட்டைகள் இரண்டும் காலையிலேயே பொரிந்துவிட்டன. இரண்டும் கறுப்பு. வயிற்றில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். ஈரத்தோடு, யாரோ தேய்த்துக் கழுவி ஓரமாக எறிந்த பாத்திரம் துலக்கும் நார் மாதிரி இருந்தன. பழுப்புக் கோழிக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொய்யா மரத்தடிக்கு இறங்கிவிட்டது. நான் ஒரு கறுப்புக் குஞ்சை எடுத்துப் போய்ச் சமாதானமாக அதன் பக்கத்தில் வைத்தேன். கோழி தலையிலேயே ஒரு கொத்து கொத்தியது. குஞ்சின் தலையில் ஒன்று, என் கையில் இரண்டு.

சரி, பெட்டி. அடியில் அன்றைய செய்தித்தாளைச் சுத்தமாக விரித்தேன். குஞ்சுகளை வைத்தேன். லைட்டைப் போட்டேன். பெட்டி நகைக்கடை மாதிரி ஜொலித்தது. படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அது போன் வாங்கி வைக்கும் பெட்டிக்குள் போய் விழுந்திருக்கும்.

இரண்டில் ஒன்று எழுந்து நின்றது. இன்னொன்றால் முடியவில்லை. கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கிப் போய், தவளையைத் தட்டில் வைத்த மாதிரி கிடந்தது. நான் உடனே முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரன். நிற்பது நல்ல குஞ்சு, கிடப்பது நோய்க் குஞ்சு. நல்லதை அப்படியே விட்டுவிட்டு, கிடப்பதற்கு என்ன நோய் என்று போனில் தேடத் தொடங்கினேன்.

அந்த ஆராய்ச்சியில் எனக்குக் கோழி இனத்தின் எல்லா நோய்களும் அறிமுகமாயின. கழிச்சல், அம்மை, தொப்புள் அழற்சி, வைட்டமின் பற்றாக்குறை. ஒவ்வொன்றின் அறிகுறியும் குஞ்சுக்குப் பொருந்தியது. சோர்வு, பசியின்மை, மூட்டுப் பலவீனம் ஆகியவை எனக்கும் பொருந்தின. மதியம் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, நல்ல குஞ்சு என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது மூலையில் அலகைத் தரையில் ஊன்றிப் படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன்.

அதைக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். அதற்கு ஒரு நகைச்சுவை தோன்றவில்லை.

மீதி இருந்தது ஒன்று. கண் மூடி, தலை தொங்கி, ஒரு இருமலுக்குத் தாங்காது போலிருந்தது. அதோடு சேர்ந்து மாமாவின் இடது கண், காலைப் பூசை, சாலை, ஸ்கூட்டர்காரன் எல்லாம் வரிசையாக என் மனதில் வந்து நின்றன. "யாரும் பதற வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கோழி திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான். குஞ்சைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கும் பிராணிகள் கிளினிக்குக்கு ஓடினேன்.

கண்ணாடிக் கதவு வைத்த கிளினிக். உள்ளே என் எடைக்குக் குறையாத ஒரு நாய், அதற்குப் பக்கத்தில் அதன் அம்மா என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு பெண்மணி, கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு பெண்.

"பெட் நேம் சார்?"

"பேர் வெக்கலம்மா. இன்னைக்குக் காலைலதான் பொறந்துது."

"ப்ரீட்?"

"கோழி."

"வேர் ஈஸ் இட் சார்?"

நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். இங்கே மனிதர்களுக்குப் பார்ப்பதில்லை என்று சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்வெட்டருக்குள்ளிருந்து "கீ, கீ" என்று கணீரென ஒரு குரல். வெளியே எடுத்தேன். அரை மணிக்கு முன்னால் செத்துக்கொண்டிருந்த குஞ்சு, கண்ணை அகலத் திறந்துகொண்டு, நாயைப் பார்த்துச் சத்தம் போட்டது. நாய் அம்மாவின் காலுக்குப் பின்னால் போய்விட்டது.

டாக்டர் இளைஞர். குஞ்சைத் திருப்பிப் பார்த்தார். அலகைத் தட்டினார். பின்பக்கத்தைப் பார்த்தார்.

"நல்லாதானே சார் இருக்கு?"

"இல்ல டாக்டர், வீட்டுல சுத்தமா விழுந்துட்டுது."

"காலு கொஞ்சம் விரிஞ்சிருக்கு. பேண்ட்எய்ட் ஒண்ண ரெண்டு காலுக்கும் நடுவுல பாலம் மாதிரி ஒட்டுங்க, ரெண்டு மூணு நாளுல சரியாப் போயிடும். கீழ பேப்பர் போடாதீங்க, வழுக்கும். துணி போடுங்க. வெல்லத் தண்ணி சொட்டு சொட்டா குடுங்க. கதகதப்பா இருக்கணும். லைட் போட்டு வெச்சிருக்கீங்கல்ல?"

"பிரமாதமா போட்டிருக்கேன் டாக்டர். படம் காட்டட்டுமா?"

படத்தைக் காட்டினேன். நல்ல வெளிச்சம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். இருவரும் திருப்தியோடு பிரிந்தோம். பேண்ட்எய்டை அவரே ஒட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். துணி விரித்தேன். குஞ்சை வைத்தேன். லைட்டைப் போட்டேன். கால் மணி நேரத்தில் தலை தொங்கிவிட்டது.

இதற்கு நடுவே அலுவலக அழைப்பு வேறு. உண்மையாகவே ஒரு சர்வர் படுத்திருந்தது. குஞ்சை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "யாரும் பதற வேண்டாம்" என்று ஆரம்பித்ததும் பைக்குள்ளிருந்து "கீ, கீ" என்று பதில் வந்தது.

"யாருக்கோ அலாரம் அடிக்குது" என்றான் என்னைவிடப் பதினைந்து வயது இளைய என் மேலதிகாரி. "ம்யூட் பண்ணுங்கப்பா."

குஞ்சை ம்யூட் செய்ய முடியாது என்பதால் என்னை நானே ம்யூட் செய்துகொண்டேன். நான் பேசாமல் இருந்த அந்த நேரத்தில் சர்வர் சரியாகிவிட்டது. இதைப் பற்றி நான் அதிகம் யோசிக்க விரும்பவில்லை.

அழைப்பு முடிந்து குஞ்சைப் பெட்டியில் வைத்தேன். மறுபடி விழுந்தது. எனக்கு இப்போது புதிய சந்தேகம் வந்தது. இது நடிக்கிறதோ? வெளியாட்கள் முன்னால் மட்டும் நல்லபடியாக இருந்து, வீட்டில் சுருண்டு கொள்ளும் மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். உறவிலேயே இருக்கிறார்கள். ஒரு நாள்கூட ஆகாத குஞ்சு அதற்குள் இதைக் கற்றுக்கொண்டதா?

சாயந்திரம் மச்சானின் போனிலிருந்து மாமா கூப்பிட்டார். அன்று காலையில்தான் அறுவை முடிந்து, கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்திருந்தார். தன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மாப்ள, பொரிச்சிதா?"

"பொரிச்சிது மாமா."

"கறுப்பா?"

"கறுப்புதான்."

"சொன்னேன்ல. எத்தன?"

பெட்டியைப் பார்த்தேன். "இப்போதைக்கு ஒண்ணு மாமா."

மீதி இரண்டைப் பற்றி மாமா கேட்கவில்லை.

"கேக்க வைங்க" என்றார்.

குஞ்சைக் கையில் எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பொத்திக்கொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. மாமா பொறுமையாக இருந்தார். போனுக்குள் மச்சான் வீட்டு டிவியில் யாரோ சண்டை போடுவது கேட்டது. அப்புறம் கைக்குள் ஏதோ அசைந்தது. "கீ" என்றது. பிறகு நிறுத்தவே இல்லை.

"நல்லாதானே கத்துது" என்றார் மாமா. "அப்பறம் ஏன் உங்க குரலு அழுவற மாதிரி இருக்கு?"

"சளி மாமா."

மனைவி வந்தபோது நான் சமையலறை மேடையில் வெல்லத் தண்ணீர், இங்க் ஃபில்லர், பஞ்சு, டார்ச், வேப்பெண்ணெய், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்த ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு நின்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். இறந்ததையும் சொன்னேன். அவள் கைப்பையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்னவோ பெட்டில ஏதோ கிருமி இருக்குன்னு தோணுது" என்று முடித்தேன். "கையில இருந்தா நல்லாயிருக்கு. பையில இருந்தா நல்லாயிருக்கு. டாக்டர்ட்ட நல்லாயிருக்கு. பெட்டில வெச்சா விழுந்துடுது. டெட்டால் போட்டுக் கழுவிடலாமா?"

அவள் பெட்டிக்குப் போனாள். மூடியைத் தூக்கினாள். கையை உள்ளே விட்டாள். அப்படியே வைத்திருந்தாள்.

"ஏங்க, நீங்க இதுக்குள்ள கைய விட்டுப் பாத்தீங்களா?"

"ஏன்?"

"விடுங்க."

விட்டேன். உள்ளே ஜூலை மாதக் காக்ஸ் டவுன்தான் இருந்தது. கொஞ்சம் வெளிச்சத்தோடு.

"ஃப்ரிட்ஜுக்குள்ள லைட் எரியுதே, அந்த மாதிரி எரியுது" என்றாள். "குளுந்த பெட்டிக்குள்ள வெச்சுட்டு அதுக்குக் கழிச்சலா, அம்மையான்னு தேடிட்டு இருந்தீங்களா நாள் பூரா?"

"நீதானே லைட்ட போடுன்னு சொன்ன."

"சொன்னேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "எனக்கும் ஞாபகம் வரல. நீங்க எங்க வீட்டுல எத மாத்தல, இது ஞாபகம் வர்றதுக்கு" என்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

குஞ்சு அவள் துப்பட்டாவுக்குள் போயிற்று. நான் குண்டு பல்பு வாங்கப் போனேன். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது கடைக்காரர் சிரிக்காமல், அதே மாதிரி மஞ்சளாக எரியும் எல்இடி ஒன்றைக் காட்டினார்.

"சூடு வேணுங்க எனக்கு."

"சூடே வராது சார், கேரண்டி" என்றார் பெருமையாக. "ரெண்டு வருஷம்."

மூன்றாவது கடையில் இருந்தவர் என் மேல் இரக்கப்பட்டார். "குண்டு பல்பு இப்ப யாரு சார் வெக்கறாங்க? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. அல்சூர்ல ஒரு பழைய கட இருந்துது, இருக்குதோ இல்லியோ." அல்சூருக்குப் போய்ப் பார்த்தேன். அந்தக் கடை இப்போது மொபைல் கவர் விற்கிறது. ஊரிலுள்ள கடைசிக் குண்டு பல்பைக்கூட என்னைப் போன்ற முன்னேற்றவாதிகள் ஒழித்துக்கட்டியிருந்தார்கள்.

மழையில் நனைந்துகொண்டு திரும்பினேன். மனைவி ஹாலில் இல்லை. ஏணியைப் போட்டுப் பரணில் ஏறியிருந்தாள். கிறிஸ்துமஸ் சாமான் வைத்திருக்கும் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. குடிலுக்கு வைக்கும் ஆடுகள், ஜிகினாச் சரம், மடித்த காகித ஸ்டார். வீட்டில் எதை மாற்றினாலும் வாசலில் தொங்கும் ஸ்டாருக்குள் மஞ்சள் பல்புதான் எரிய வேண்டும் என்பது மாமாவின் சட்டம். போன கிறிஸ்துமஸ் முடிந்து ஸ்டார் இறக்கியதும் நான் அந்தப் பல்பைத் தேடினேன். உடைந்துவிட்டது என்று சொன்னார். இப்போது அது ஆடுகளுக்கு நடுவே, மாமாவின் பழைய குரங்குக் குல்லாயில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிப் பத்திரமாக இருந்தது.

"உங்ககிட்டேர்ந்து மறைச்சு வெச்சிருக்காரு" என்றாள் மனைவி பரணிலிருந்து.

"தெரியுது."

பெட்டியில் அதை மாட்டினோம். எரிந்தது. மூடியைப் போட்டுவிட்டு இருவரும் மாறி மாறிக் கையை விட்டுப் பார்த்தோம். குஞ்சை உள்ளே வைத்தோம். அது பல்புக்கு நேர் கீழே நகர்ந்து போய், பேண்ட்எய்ட் காலை மடக்கிக்கொண்டு, கண்ணை மூடியது. நான் மறுபடி பதறினேன்.

"தூங்குது" என்றாள். "எல்லாத்தையும் சாவறதுன்னு நெனச்சுக்காதீங்க. வந்து சாப்பிடுங்க."

அதற்குப் பிறகான நாட்களில் அந்தக் குஞ்சு தேறியது. வெல்லத் தண்ணீரிலிருந்து நொய்க்கு வந்தது. பேண்ட்எய்டோடு ஓடிப் பார்த்து விழுந்தது. பேண்ட்எய்டைப் பிய்த்ததும் விழாமல் ஓடியது. பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும்போது வெந்நீரில் பஞ்சு நனைத்துத் துடைத்துவிட வேண்டியிருந்தது. அதை நான் செய்தேன். கேமராவை அணைத்துவிட்டு, மேலதிகாரியோடு பேசிக்கொண்டே செய்தேன். இரண்டு வேலையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

பழுப்புக் கோழி கடைசிவரை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குஞ்சுக்கும் அதில் அக்கறை இல்லை. அது என் சட்டைப் பையைத் தாயாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பெட்டியை விட்டு வெளியே விட்டால் என் செருப்பின் பின்னாலேயே வரும். நின்றால் பாதத்தின் மேல் ஏறி உட்காரும். நான் நகர முடியாமல் கொய்யா மரத்தடியில் நின்றிருப்பதை அடுத்த வீட்டிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. யாரும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்ன நாள் முடிந்ததும், மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் என்னைப் பார்த்து நின்றார். கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"மாப்ள, உங்களுக்கு எப்ப இவ்ளோ நரைச்சிது?"

"இந்தப் பத்து நாள்லதான் மாமா."

நேரே பின்பக்கம் போனார். யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க?" என்றார். நான் பெட்டியைத் திறந்து குஞ்சைக் கீழே விட்டேன். அது மற்றவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பாதத்தின் மேல் ஏறிக்கொண்டது.

மாமா குஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓ" என்றார்.

அப்புறம் முன்னால் குனிந்தார். அதற்குள் அதன் இறக்கையில் சிறிய சிறகுகள் முளைத்திருந்தன. வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. மாமா இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தார். கையை மாற்றி வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடி மாற்றினார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் காலை அசைக்காமல் நின்றேன்.

"கறுப்பு இல்லியேம்மா இது" என்றார்.

மனைவியின் முகம் மாறியது. "என்னப்பா சொல்றீங்க? கறுப்புதானே?"

"இந்தக் கண்ணுல கறுப்பு" என்று இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கண்ணுல நீலம். எறக்கைல பாரு. அப்படியே நீலமா அடிக்குது."

நாங்களும் குனிந்து பார்த்தோம். அடித்தது. இத்தனை நாள் வெந்நீர் வைத்துத் துடைத்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காலியாகக் கிடந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கோழி மண்குளியல் போடும் இடம் அது.

"அப்ப அதுவும் நீலமாதான் இருந்திருக்கும்" என்றார். "நான் கறுப்புன்னே கூப்பிட்டுட்டு இருந்தேன்."

குஞ்சு என் கட்டைவிரல் நகத்தைக் கொத்தியது.

"டாக்டர்ட்ட நாள் கேளும்மா" என்றார் மகளிடம். "இந்தக் கண்ணையும் பண்ணிடலாம். பழைய கண்ணும் புதுக் கண்ணுமா, ஒரு கோழி ரெண்டு கோழியாத் தெரியுது."

மனைவி உள்ளே போனாள். போன் பேசும் சத்தம் உடனே கேட்டது. மனம் மாறுவதற்குள் தேதி வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம்.

மாமா எழுந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூடியில் இருந்த பல்பைப் பார்த்தார். நான் என் நரைத்த தலையைத் தடவிக்கொண்டேன்.

"டிசம்பர்ல ஸ்டாருக்கு வேணும் எனக்கு இது" என்றார்.

"கழட்டிக் குடுத்துடறேன் மாமா."

"இப்ப வேணாம். நான் திரும்பவும் பத்து நாள் ஆஸ்டின் டவுன் போவணும்ல" என்று புதுக் கண்ணைக் கோழிக்கூட்டின் மூலைக்குத் திருப்பினார். அங்கே செம்பட்டைக் கோழி ஒன்று உடம்பை உப்பிக்கொண்டு, பக்கத்தில் யாரும் வரக்கூடாது என்ற முகத்தோடு, காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு அது வெறும் சோம்பல் என்று பட்டிருந்தது. "அது அடைக்கு உக்காந்துடுச்சு பாருங்க. அந்த நேரத்துக்குச் சரியாப் பொரிக்கும். நீங்கதான் இருக்கீங்களே."

"நான் இருக்கேன் மாமா" என்றேன்.

"அதான்" என்றார்.

அவர் உள்ளே போன பிறகு குஞ்சைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.